ஈரக் காற்றும் பழைய மோட்டார் காரும்

கொல்கத்தா மாநகரின் கிழக்கே சால்ட் லேக் என்றும் பிதான் நகர் என்றும் வழங்கும் குடியிருப்பு, முன்னாளில் உப்பு நீர் தேங்கிய சதுப்பு நிலமாக இருந்தது. 1960-களில் ஹூக்ளி ஆற்றின் அடியிலிருந்து வாரப்பட்ட வண்டல் மண், குழாய்களின் வழியே கொண்டுவரப்பட்டு இச்சதுப்பில் நிரப்பப்பட்டது. யூகோஸ்லாவிய நிபுணர் டோப்ரிவோயே டோஷ்கோவிச் வகுத்த திட்டப்படி அந்நிலத்தின்மீது வீதிகளும் மனைகளும் அமைந்தன. மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராயின் பெயரை இந்நகர் தாங்கியுள்ளது. நிலம் மேடாயிற்றே அன்றி, அதன் மேலுள்ள காற்று உலரவில்லை. கிழக்கே ஏரிகளும் மீன் வளர்ப்புக் குளங்களும் இன்றும் பரந்து கிடக்கின்றன. தெற்கே வங்காள விரிகுடா அதிகத் தொலைவில் இல்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பது இங்கே சாதாரணம்.

ஹூக்ளியின் மறு கரையில், நகருக்கு வடக்கே, உத்தரபாரா உள்ளது. அங்கிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 மே மாதம் வரை அம்பாசடர் கார்கள் தயாராயின. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவிய இவ்வண்டி, அரசாங்க அலுவலகங்களிலும் வாடகைக்கார் நிலையங்களிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. இன்று அது பழம்பொருள் என்ற மதிப்பைப் பெற்றுவருகிறது. கொல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1968-இல் தொடங்கிய பழங்கார் ஓட்டம் நாடெங்கும் அறியப்பட்டது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத சொந்த உபயோக வண்டிகளைத் தனி வரிசையில் பதிவு செய்ய மத்திய அரசாங்கம் 2021 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. ஆகவே 1960-களில் உத்தரபாராவிலிருந்து வெளிவந்த ஓர் அம்பாசடரைக் காப்பாற்றி வைத்திருப்பது, இப்போது சட்டமும் ஏற்கும் காரியமாகும்.

ஆயினும் பல பழைய வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குச் செல்வதற்குப் பெரும் பழுது காரணமாவதில்லை. ஒருநாள் வண்டி கிளம்ப மறுக்கிறது. பாட்டரி மாற்றப்படுகிறது, பிறகு காயில், பிறகு கார்புரேட்டர். மூன்றும் மாற்றிய பின்னரும் வண்டி கிளம்பவில்லையெனில், உடையவர் மனம் சலித்து வண்டியை விட்டுவிடுகிறார். உண்மைக் காரணம் ஒரு கம்பி முனையில் படிந்த பச்சைக் களிம்பாக இருந்திருக்கலாம். சால்ட் லேக்கைப் போன்ற ஈரப் பிரதேசங்களில் கிளம்பாமையின் காரணம் பெரும்பாலும் நீரேயாகும். அது மின் இணைப்பில் களிம்பாகவும், மின்பொறி செல்லும் பாதையில் பனிப்படலமாகவும், பெட்ரோலில் அடிமண்டியாகவும் மறைந்து நிற்கிறது. இம்மூன்றையும் வரிசையாகச் சோதித்து அறியும் முறை இங்கு விளக்கப்படுகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பழைய கார்களையும், களப்பணிக்கு உதவிய பழைய ஜீப்புகளையும் பேணுவோருக்கும் இது பொருந்தும்.

இயந்திரம் கிளம்பத் தேவையானவை

பெட்ரோல் இயந்திரம் கிளம்புவதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். அதன் தண்டு போதிய வேகத்தில் சுழற்றப்பட வேண்டும். சிலிண்டருக்குள் எரியக்கூடிய விகிதத்தில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சேர வேண்டும். அக்கலவை அழுத்தப்பட்ட தருணத்தில் வலிய மின்பொறி தோன்ற வேண்டும். இவற்றுள் எது குறைந்தது என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளாமல் திருகு முடுக்கியைக் கையில் எடுப்பது வீண் வேலை. ஒரே சமயத்தில் இரண்டு உறுப்புகளை மாற்றுவதும் கூடாது. அவ்வாறு மாற்றி வண்டி கிளம்பிவிட்டாலும், எது பழுதாயிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். சில நாட்களில் அதே பழுது திரும்பி வரவும் கூடும்.

முதற் சோதனைக்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. முன் விளக்குகளை எரியவிட்டு, ஒருவர் செல்ப் மோட்டாரை இயக்க, மற்றொருவர் விளக்குகளை நோக்க வேண்டும். விளக்குகள் சிறிதும் மங்காமல், செல்ப் மோட்டாரும் அசையாமல் இருந்தால் மின்சாரம் மோட்டாருக்குச் சென்று சேரவில்லை. சுவிட்சையும் அதன் கம்பிகளையும் பார்க்க வேண்டும். விளக்குகள் அணையுமளவுக்கு மங்கினால், பாட்டரி வலுவிழந்திருக்க வேண்டும், அல்லது இணைப்பு ஏதேனும் கெட்டிருக்க வேண்டும், அல்லது செல்ப் மோட்டாரின் பற்சக்கரம் இயந்திரத்தின் பெரிய சக்கரத்தில் சிக்கியிருக்க வேண்டும். விளக்குகள் சற்றே மங்கி இயந்திரம் வேகமாகச் சுழன்றும் அது கிளம்பவில்லையாயின், பாட்டரியைக் குறைகூறக் காரணமில்லை. அப்போது மின்பொறியையும் பெட்ரோலையும் ஆராய வேண்டும்.

பற்சக்கரம் சிக்கிக்கொள்வது பழைய பிரிட்டிஷ் அமைப்பு மோட்டார்களில் அவ்வப்போது நேரும். சாவியை மூடி, வண்டியை மேல் கியரில் இட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் அது பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

களிம்பு ஏறிய இணைப்பு

இந்த வண்டிகளில் உள்ள 12 வோல்ட் பாட்டரி ஆறு அறைகளைக் கொண்டது. முழு மின்னூட்டம் பெற்று ஓய்வில் இருக்கையில் அது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். செல்ப் மோட்டார் இயங்கும்போது அழுத்தம் இறங்குவது இயல்பு. 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே போனால் மட்டுமே பாட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் பாட்டரி நன்றாக இருந்தும் செல்ப் மோட்டார் சோர்ந்து சுற்றுவது ஈரப் பிரதேசங்களில் அடிக்கடி காணப்படுகிறது. இதன் விளக்கம் பள்ளிப் பாடத்தில் வரும் ஓம் விதியில் அடங்கியிருக்கிறது.

செல்ப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். பாட்டரி முனையில் களிம்பு ஏறியதால் ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை உண்டாகியிருக்கிறது. சாதாரண மீட்டரால் இத்தனை சிறிய தடையை அளக்கவே இயலாது. எனினும் 150-ஐ 0.02-ஆல் பெருக்க 3 வோல்ட் கிடைக்கிறது. அதாவது பாட்டரியின் அழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்த ஓர் இணைப்பிலேயே இழக்கப்படுகிறது. அவ்விடத்தில் 450 வாட் சக்தி வெப்பமாக மாறுகிறது. ஒரு சிறிய மின் அடுப்புக்கு அது போதும். இதே இணைப்பின் வழியே 4 ஆம்பியர் மட்டும் வாங்கும் விளக்கு எரிந்தால், இழப்பு 0.08 வோல்ட்டுக்கு மேல் இராது. ஆகவேதான் விளக்கு பிரகாசமாக எரிந்தும் செல்ப் மோட்டார் சோர்கிறது. விளக்கு எரிவதை வைத்து இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு.

இழப்பு எங்கே என்பதை அறிய வோல்ட் மீட்டர் ஒன்று போதும். அதன் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறு முனையை அக்கம்பத்தைப் பற்றியுள்ள பிடியிலும் வைத்து, ஒருவர் செல்ப் மோட்டாரை இயக்க வேண்டும். மீட்டர் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கம்பத்துக்கும் பிடிக்கும் இடையே களிம்பு இருக்கிறது. அடுத்து, எர்த் செய்யப்பட்ட கம்பத்துக்கும் இயந்திரத்தின் இரும்பு உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். இங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை கெட்டிருக்கிறது. கையால் தொட்டுப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை: சில நொடிகள் செல்ப் மோட்டார் இயங்கியபின் சூடாக இருக்கும் இணைப்பே குற்றவாளி.

எர்த் பட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இயந்திரம் ரப்பர் மெத்தைகளின்மீது அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது; ஆதலின் இயந்திரத்தையும் வண்டியின் உடலையும் ஒரு செப்புப் பின்னல் பட்டை இணைக்கிறது. வண்டியின் அடியில், சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் உள்ள இப்பட்டையை யாரும் நினைப்பதில்லை. பட்டை அறுந்தால் மின்சாரம் வேறு வழியைத் தேடும். சோக் கம்பியோ, ஆக்ஸிலரேட்டர் கம்பியோ அதற்கு வழியாகும். செல்ப் மோட்டாரை இயக்குகையில் சோக் கைப்பிடி சூடேறினாலோ, அதன் உறையிலிருந்து புகை எழுந்தாலோ, உடனே நிறுத்தி எர்த் பட்டையைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாய்க்கு அருகே கம்பி சிவக்கச் சூடாவது தீ விபத்துக்கு இடமாகும்.

களிம்பை நீக்கச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் சிறந்தது. அது அமிலத்தை முறிக்கும். கழுவிய நீர் பாட்டரி அறைகளுக்குள் புகாமல் மூடிகள் இறுக்கமாயிருக்க வேண்டும். பின்னர் உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, அதன் மேல் வாஸ்லின் பூச வேண்டும். சிலர் வாஸ்லினை முதலில் பூசி அதன்மேல் பிடியை மாட்டுகிறார்கள். உலோகம் உலோகத்தைத் தொட்டபின் வெளிப்புறம் பூசுவதே முறை. ஒரு எச்சரிக்கை: சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே எர்த் செய்யப்பட்டிருக்கும். பாட்டரியைக் கழற்றுமுன் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பனிப்படலமும் மின்பொறியும்

இயந்திரம் வேகமாகச் சுழன்றும் கிளம்பவில்லையெனில், சால்ட் லேக்கில் முதற் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மீது விழ வேண்டும். இதன் காரணத்தை அறியப் பனிநிலை என்னும் கருத்து உதவும். காற்று குளிர்ந்துகொண்டே போனால், ஒரு குறித்த உஷ்ணநிலையில் அதிலுள்ள நீராவி திரவமாகப் படியத் தொடங்கும், அதுவே பனிநிலை. ஜூலை மாதத்தில் 30 டிகிரி உஷ்ணமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறக்குறைய 27 டிகிரி. அதாவது, ஓர் உலோகப் பொருள் காற்றைவிட மூன்றே டிகிரி குளிர்ந்திருந்தால் போதும், அதன்மேல் நீர் படியும். ஏப்ரல் மாதத்து தில்லியில் 35 டிகிரி உஷ்ணமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை எடுத்துக்கொண்டால், பனிநிலை சுமார் 9 டிகிரி. அங்கே உலோகம் 26 டிகிரி குளிர்ந்தாலன்றி நீர் படியாது. ஒரே வண்டி தில்லியில் கோளாறின்றி ஓடி, கொல்கத்தாவில் தகராறு செய்வது இதனால்தான்.

இயந்திரம் கனத்த இரும்புத் துண்டு. இரவில் குளிர்ந்தபின் அது காலையில் மெல்லவே சூடேறும். ஆனால் காற்று விரைவில் சூடேறி ஈரத்தையும் கொண்டுவரும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குளிர்ந்த இரவுக்குப்பின் தென்திசைக் கடற்காற்று வீசத் தொடங்கும்போது, மழை ஒரு துளியும் பெய்யாதிருக்கையிலும் இயந்திரம் வியர்த்து நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் மெல்லிய நீர்ப்படலம் படியும்.

தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆனால் மூடியின் உட்புறத்தில் கரித்தூளும், உலோகத் துகளும், புழுதியும் ஏற்கெனவே ஒட்டியிருக்கின்றன. உப்புத் தன்மையுள்ள காற்று இவற்றோடு சேர்கிறது. இவை நீரில் கரைந்தால் படலம் கடத்தியாகிறது. இக்னீஷன் காயில் 15,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தை எழுப்புகிறது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் பொறியைத் தாவச் செய்ய இவ்வளவு வேண்டும். எளிய வழி வேறு கிடைத்தால் மின்சாரம் ஏன் கடினமான வழியில் செல்லும்? அது மூடியின் ஈரப்பரப்பில் ஊர்ந்து எர்த்துக்குப் போய்விடுகிறது. இவ்வாறு அடிக்கடி ஊர்ந்தால் பேக்கலைட் கருகி, பென்சில் கோடு போன்ற கரிப்பாதை உண்டாகும். ஈரத்தைத் துடைக்கலாம், கரிப்பாதையைத் துடைக்க முடியாது. அத்தகைய மூடியை மாற்றத்தான் வேண்டும்.

சோதனை எளிது. மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் உட்புறத்தைப் பார்த்து, உலர்ந்த பருத்தித் துணியால் மூடி, ரோட்டார், காயிலின் உச்சி, தடித்த மின் கம்பிகள் ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். சற்று வெயிலில் வைப்பது நல்லது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பது சில பட்டறைகளின் வழக்கம். மூடியை மாட்டியவுடன் உள்ளே தங்கிய ஆவி பற்றி வெடிக்கக் கூடுமாதலால் இது ஒருபோதும் கூடாது. இரவில், வண்டியின் முன்மூடியைத் திறந்து இருட்டில் இயந்திரத்தைச் சுழற்றினால், கசியும் இடங்களில் நீல நிற ஒளி ஓடுவதைக் காணலாம்.

உலர்த்தியபின்னும் பயனில்லையெனில் மின்பொறியை நேரே பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் செருகியுள்ள தடித்த கம்பியை எடுத்து, அதன் முனையை இயந்திர உடலிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி, உலர்ந்த மரக் கிடுக்கியால் பிடித்து இயந்திரத்தைச் சுழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகள் தத்தம் இடத்திலும், பெட்ரோல் கசிவு எதுவும் அருகில் இல்லாமலும் இருப்பது அவசியம். நீல நிறத்தில் சொடுக்கென்ற ஓசையுடன் பொறி தாவினால் காயில் நன்று; குற்றம் மூடி, ரோட்டார், கம்பி, பிளக் ஆகியவற்றுள் இருக்கிறது. மெலிந்த மஞ்சள் பொறியோ, பொறியே இன்மையோ காணப்பட்டால், குற்றம் அதற்கு முன்னால், பாயிண்டுகளில் இருக்கக்கூடும்.

பாயிண்டுகளைப் பட்டறைகளில் ‘பிளாட்டினம்’ என்று அழைப்பர். இவ்வண்டிகளில் உள்ளது பெரும்பாலும் டங்ஸ்டன் உலோகமே. டங்ஸ்டன் தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் ஈரக் காற்றில் சில வாரங்கள் சும்மா நின்றால் அதன்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஆக்ஸைடு படலம் ஏறும். தினந்தோறும் ஓடும் வண்டியில் பொறிகளே இப்படலத்தை எரித்துவிடும். கண்காட்சிக்காக மட்டும் வெளியே வரும் வண்டியில் அது தங்கிவிடுகிறது. நன்கு பேணப்பட்ட வண்டி மழைக்காலத்துக்குப்பின் கிளம்பாமல் உடையவரைத் திகைக்க வைப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம். நுண்ணிய அரத்தால் இருமுறை தேய்த்து, தடித்த உலர்ந்த காகிதத்தை இடையில் இட்டு இழுத்தால் போதும். பின்னர் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் அமைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.6 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கலாம்.

புதிய உதிரிப்பாகம் என்பதால் அது நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் சென்னையின் புதுப்பேட்டையிலும் பழைய வண்டிகளின் உறுப்புகள் கிடைக்கின்றன. ஆனால் போலிகளும் உலவுகின்றன. ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்ஸரை எறிந்துவிட்டுத் தரமற்ற புதியதை மாட்டியதால் புதுத் தொல்லையை வாங்கிக்கொண்டவர் பலர். கழற்றிய உறுப்பைச் சோதனை முடியும்வரை பத்திரப்படுத்தி வைப்பது நலம்.

பெட்ரோலில் நீர்

மின்பொறி வலியது எனக் கண்டபின்னரே பெட்ரோலுக்கு வர வேண்டும். சில நேரம் சுழற்றியபின் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வழி தெரியும். பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாயிருந்து பெட்ரோல் வாடை வீசினால் அளவுக்கு மிஞ்சி வந்திருக்கிறது. ஈரமாயிருந்து வாடையே இல்லாவிட்டால் அது நீராயிருக்கலாம்.

இப்பகுதியில் பழைய கார்களுக்கு ஒரு புதிய சங்கடம் தோன்றியுள்ளது. நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால், 2022-இல் 10 சதவீதத்தை எட்டி, 2025-இல் 20 சதவீதமாயிற்று. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் கிடைக்கும் இவ்வெரிபொருளால் நாட்டுக்கு விளையும் நன்மை வேறு விஷயம். அரை நூற்றாண்டுக்கு முன் இயற்றப்பட்ட இயந்திரம் அதை எதிர்பார்த்து அமைக்கப்படவில்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை ஈர்க்கும். குறித்த அளவு வரை நீரைத் தன்னுள் கரைத்துவைக்கும்; அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் கார்புரேட்டருக்கு எரியாத திரவமே போய்ச் சேரும். பாதி காலியான தொட்டியோடு மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டியில் இது நேருவதற்கு வாய்ப்பு அதிகம். காலியான பகுதியில் உள்ள ஈரக் காற்று இரவுதோறும் தொட்டிச் சுவரில் நீரைப் படியச் செய்கிறது.

ஆசிரியர்கள் இதனை ஒரு செயல் விளக்கமாகக் காட்டலாம். திறந்த வெளியில், நெருப்பும் சுவிட்சும் அருகில் இல்லாத இடத்தில், ஆசிரியரே செய்து மாணவர் எட்ட நின்று பார்க்கத் தக்கது இது. அளவுக் குறியிட்ட கண்ணாடிக் குழலில் 100 மில்லிலிட்டர் பெட்ரோலும் 10 மில்லிலிட்டர் நீரும் ஊற்றி, மூடி, மெல்லக் குலுக்கி வைக்க வேண்டும். சிறிது நேரத்தில் அடியில் தெளியும் அடுக்கு 10 மில்லிலிட்டராக இராது. பெட்ரோலில் இருந்த எத்தனால் நீரோடு சேர்ந்து இறங்குவதால் 30 மில்லிலிட்டர் வரை உயரும். அடுக்கு எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவே ஏறத்தாழ எத்தனால்.

எத்தனாலுக்கு வேறு இரு குணங்களும் உண்டு. பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் படலத்தையும் அது ஊறச் செய்து கெடுக்கும். தொட்டியில் பல்லாண்டு படிந்த பிசினைக் கரைத்துக் கார்புரேட்டரின் ஜெட் துளைக்குக் கொண்டுசேர்க்கும். மேலும், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, எரிவதற்கு வேண்டிய காற்று ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. ஜெட் பழையபடியே இருந்தால் கலவை அந்த அளவுக்கு மெலிந்துவிடும். மெலிந்த கலவை குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் பற்றாது. எத்தனால் தாங்கும் குழாய்களை மாட்டுவதும், கலவையைச் சிறிது செறிவாக்குவதும் இதற்குப் பரிகாரம்.

பல அம்பாசடர்களில் பிரிட்டிஷ் எஸ்.யு. வகைக் கார்புரேட்டர் இருக்கும். இதில் சாதாரண சோக் தகடு கிடையாது. சோக் கைப்பிடியை இழுத்தால் ஜெட் கீழே இறங்கிக் கலவை செறிவாகும். ஆக்ஸிலரேட்டரைப் பலமுறை மிதித்தால் பெட்ரோல் பீச்சும் சிறு பம்பும் இதில் இல்லை. ஆகவே வேறு கார்களில் பழகியவர் கிளம்புமுன் காலால் பத்து முறை மிதிப்பது இங்கே பயனற்ற உடற்பயிற்சி. இதன் உள்ளே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகர வேண்டும். கையால் தூக்கி விட்டால் ‘டக்’கென்ற ஓசையுடன் அது கீழே விழ வேண்டும், தயங்கி நின்றால் அழுக்கைத் துடைக்க வேண்டும். மிதவை அறையின் அடியில் நீர்த்துளிகளும் துருவும் இருந்தால், தொட்டியையே வடித்துச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது ஒரு வாரத்துக்கே உதவும்.

பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் பிளக்குகள் நனைந்துவிட்டால், சோக்கை முற்றிலும் உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடியே வைத்துச் சில நொடிகள் சுழற்ற வேண்டும். அதிகமாக வரும் காற்று மிஞ்சிய ஆவியை வெளியேற்றிவிடும்.

காலையில் கிளம்பி ஓடிய வண்டி, மே மாத நண்பகலில் கால் மணி நேரம் நின்றபின் கிளம்ப மறுப்பது வேறு வகைத் தொல்லை. இயந்திரச் சூட்டில் பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைக்கிறது. நனைத்த துணியைப் பம்பின்மேல் போட்டு அரை மணி நேரம் காத்திருப்பது பழைய டிரைவர்கள் கைக்கொண்ட முறை. அது சரியான முறையும் ஆகும். காயிலும் கண்டென்ஸரும் சூட்டில் மட்டும் செயலிழப்பதும் உண்டாதலால், இச்சமயத்தில் மின்பொறியையும் பார்த்துவிட வேண்டும்.

கையால் சுழற்றுதல்

பழைய அம்பாசடர்களையும் ஜீப்புகளையும் முன்புறம் இரும்புக் கைப்பிடி செருகிச் சுழற்றலாம். பாட்டரி தளர்ந்த காலத்தில் இது பேருதவி. ஆனால் இயந்திரம் எதிர்ப்புறம் உதைத்தால் மணிக்கட்டு முறியக்கூடும். கட்டை விரலை மற்ற விரல்கள் உள்ள பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்கலாம். மேலிருந்து கீழே அழுத்தலாகாது. கியர் நடுநிலையில் இருக்கிறதா, கைப் பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்த்தபின்னரே தொட வேண்டும். கதவு மூடிய வண்டிக் கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிடுவதும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2025 செப்டம்பர் 23ஆம் நாள் கொல்கத்தாவில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் மழை பெய்தது. சால்ட் லேக்கின் வீதிகளிலும் நீர் நின்றது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மேற்சொன்ன சோதனை முறை பொருந்தாது. நீர் வடிந்தவுடன் செல்ப் மோட்டாரை இயக்கிப் பார்ப்பதே இங்கு பெரிய தவறு. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், அது காற்றைப் போல் அழுந்தாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, இயந்திரம் முழுவதையும் பிரிக்கும் வேலையாகிவிடும்.

முதலில் பாட்டரியின் இணைப்பை அகற்ற வேண்டும். எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்து, எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால் அதனை முழுவதும் வடித்துவிட வேண்டும். கியர் பெட்டியின் எண்ணெயும் பின் அச்சின் எண்ணெயும் அவ்வாறே பார்க்கத் தக்கவை. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றியபின், இயந்திரத்தைக் கைப்பிடியால் மெல்லச் சுற்றினால் சிலிண்டரில் உள்ள நீர் துளைகளின் வழியே வெளியேறும். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, மீண்டும் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். பெட்ரோல் தொட்டியையும் மிதவை அறையையும் வடித்து, காற்று வடிகட்டியை உலர்த்தி, செல்ப் மோட்டாரையும் டைனமோவையும் கழற்றி உலர்த்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு நாள் வெயிலில் வைத்தல் நன்று. இவை முடிந்து, புதிய எண்ணெயும் புதிய பெட்ரோலும் ஊற்றி, பிளக்குகளை மாட்டிய பின்னரே செல்ப் மோட்டாரைத் தொடலாம். கிளம்பியபின் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, எண்ணெயை மறுபடியும் பார்க்க வேண்டும். நிறம் மீண்டும் வெளுத்திருந்தால் அதையும் வடித்து மாற்ற வேண்டும்.